எந்த லென்ஸ் வாங்கலாம், அக்கா?

போன வாரம் ஒரு தம்பி போன் செய்தான். கல்லூரியில் படித்துக்கொண்டே பக்கத்துக் காலனியில் இரவுப் பாடசாலை நடத்துகிறவன். "அக்கா, பழைய கேமரா ஒண்ணு வாங்கிட்டேன், கேனான் 1500டி. கூடவே 18-55 லென்ஸ் குடுத்தாங்க. கையில கொஞ்சம் காசு மிச்சம் இருக்கு. இன்னொரு லென்ஸ் எது வாங்கலாம்?" போனில் சொல்லி முடிக்க முடியவில்லை. இதே கேள்வியைக் கேட்கிற தோழர்கள் இன்னும் சிலர் இருப்பதால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் நான் செய்த தப்பு. கல்யாண வீடியோ எடுக்கிற ஒருவரிடம் இதே கேமராவைப் பழையதாக வாங்கினேன். வாங்கிய வேகத்தில் 50 எம்எம் எஃப்1.8 லென்சும் வாங்கிவிட்டேன். பின்னணி மங்கி முகம் மட்டும் பளிச்சென்று தெரியும் படங்கள் மேல் எனக்கும் ஆசைதான். அதை எடுத்துக்கொண்டு திருநாவலூர் ஒன்றியத்தில் ஒரு தொகுப்பு வீட்டுக்குப் போனேன். கூரை பெயர்ந்து கம்பி தெரிகிற வீடு. மனுவோடு இணைக்கப் படம் வேண்டும். சுவரில் முதுகை ஒட்டி நின்று பார்த்தேன். உள்ளே உட்கார்ந்திருந்த ஆயாவின் தலையும் மார்பும்தான் வந்தன. கூரையும் வரவில்லை, கம்பியும் வரவில்லை.

காரணம் எளிது. இந்த வகைக் கேமராக்களின் சென்சார் பழைய 35 எம்எம் பிலிம் கட்டத்தைவிடச் சிறியது. லென்சில் போட்டிருக்கும் எண்ணைக் கேனானில் 1.6 ஆல், நிக்கானில் 1.5 ஆல் பெருக்கிக்கொள்ள வேண்டும். என் 50 எம்எம், 80 எம்எம் போல நடந்துகொண்டது. பத்தடி அறைக்கு அது ஆகாது.

சரி, கூட வந்த 18-55 போதாதா? பகலில், வாசலில், கூட்டத்தில் தாராளமாகப் போதும். யாராவது அதைக் கேவலமாகப் பேசினால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். சிக்கல் வீட்டுக்குள்ளே, ஒற்றை பல்பு எரிகிற இடத்தில்தான். 55-க்கு இழுத்தால் அதன் துளை எஃப்5.6 வரைதான் திறக்கும். எஃப்1.8 அதைப்போல் ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். லென்சில் இருக்கும் ஸ்டெபிலைசர் உங்கள் கை நடுக்கத்தைத்தான் சமாளிக்கும். பேசிக்கொண்டே தலையை அசைக்கிற ஆயாவை அது நிறுத்தாது.

ஆகவே தம்பிக்கு என் பதில்: 24 எம்எம் எஃப்2.8. கனம் 125 கிராம்தான், சட்டைப் பையில் போட்டுக்கொள்ளலாம். நம் கேமராவில் 38 எம்எம் போல வேலை செய்யும்; ஆளும் வருவார், அவர் வாழ்கிற இடமும் வரும். ஒரு சாணுக்கும் குறைவான தூரத்தில் ஃபோகஸ் ஆகும் என்பதால் கிழிந்த பட்டா, உரம் அள்ளி வெடித்த உள்ளங்கை எல்லாவற்றையும் எடுக்கலாம். நிக்கான் வைத்திருப்பவர்கள் 35 எம்எம் எஃப்1.8 டிஎக்ஸ் பாருங்கள். ஒரு எச்சரிக்கை: டி3500 போன்ற சின்ன நிக்கான்களில் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய ஏஎஃப்-டி லென்ஸ் வாங்கினால் கையால் திருகித்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். ஏஎஃப்-எஸ் அல்லது ஏஎஃப்-பி என்று போட்டிருக்கிறதா பாருங்கள்.

"55-250 வாங்கட்டுமா அக்கா, தூரத்துல இருந்தே எடுக்கலாமே" என்றும் கேட்டான். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனபோது நானும் அந்தத் தெருவில் நின்றேன். தெருமுனையிலிருந்து நீள லென்சுகள் பெண்களின் அழுகையை அள்ளிக்கொண்டிருந்தன. எடுத்தவர்களுக்கு அந்தப் பெண்களின் பெயர்கூடத் தெரிந்திருக்காது. 24-ஐ வைத்துக்கொண்டு அப்படி எடுக்க முடியாது. பக்கத்தில் போயாக வேண்டும். போனால் பேசியாக வேண்டும். அவர் வேண்டாம் என்றால் திரும்பி வர வேண்டும். 'கக்கூஸ்' ஆவணப்படத்துக்கு ஒளிப்பதிவு செய்த எம். பழனிகுமாரின் படங்களைத் தேடிப் பாருங்கள். முகத்தைப் பார்த்த பிறகு, எடுத்தவர் எங்கே நின்றிருப்பார் என்றும் பாருங்கள்.

ஆனால் கல்லெறி நடக்கிற இடத்தில், நம் ஊர்வலத்தை ஊர்த்தெருவில் மறிக்கிற இடத்தில் பக்கத்தில் போ என்று யாருக்கும் சொல்லமாட்டேன். அங்கே நீள லென்ஸ் உங்கள் உயிருக்குப் பாதுகாப்பு. வாடகைக்கு எடுத்துக்கொள்ளுங்கள். அப்படி எடுத்த படம் வன்கொடுமை வழக்குக்குப் போகலாம் என்பதால் மெமரி கார்டில் இருக்கும் மூலக் கோப்பைத் தொடாமல் பத்திரப்படுத்துங்கள். புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவு மின்னணுப் பதிவுக்குச் சான்றிதழ் கேட்கிறது. வாட்சப்பில் சுருங்கி வந்த படத்தை நம்பி உட்காராதீர்கள்.

ஆயா கதை பாதியில் நிற்கிறது. 24 எம்எம் வாங்கிய பிறகு மறுபடி போனேன். கூரை, கம்பி, வெள்ளையடித்த சுவர், முன்னால் ஆயா, எல்லாம் வந்தன. பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "செவுரு நல்லா இருக்கு. என் மூஞ்சி எங்க புள்ள?" என்றார்.

முகம் கரியாக இருந்தது. கேமராவின் வெளிச்சக் கணக்கு எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் நிறமாக்கப் பார்க்கும். வெள்ளைச் சுவரைக் கண்டதும் வெளிச்சத்தைக் குறைத்துவிட்டது. கறுத்த முகம் அதில் மூழ்கிப்போனது. இது லென்ஸ் மாற்றித் தீர்கிற விஷயமில்லை. 1500டி-யில் ஏவி என்று போட்ட பொத்தானை அழுத்திக்கொண்டு சக்கரத்தைத் திருப்பினால் பிளஸ் ஒன்று வைக்கலாம். சுவர் வெளுத்துப் போகட்டும், முகம் வரும். கோடாக் கம்பெனி வெள்ளைக்காரப் பெண்ணின் படத்தை வைத்து வண்ணத்தைச் சரிபார்த்து உலகத்துக்கெல்லாம் அட்டை அனுப்பிய காலம் ஒன்று இருந்தது. நம் ஊர் ஸ்டுடியோக்களில் இன்னமும் கேட்காமலே வெளுத்துத் தருகிறார்கள். அந்த இரண்டும் வேண்டாம் எனக்கு. ஆயாவுக்கு ஆயாவின் நிறத்திலேயே முகம் வேண்டும்.

நம் காலனிகளில் பல பெரியவர்களுக்கு ஆதார் படம்தான் ஒரே படம். செத்தபிறகு அதையே பெரிதாக்கிக் கண்ணீர் அஞ்சலி பேனரில் போடுகிறோம். மூன்றாவது முறை எடுத்த படத்தை ஆயா சுவரில் மாட்டவில்லை. "உசுரோட இருக்கறவள மாட்டுவாங்களா?" என்று சொல்லி டிரங்குப் பெட்டியில் சேலைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

தம்பி, பழைய லென்ஸ் வாங்கும்போது பின்பக்கத்திலிருந்து செல்போன் டார்ச் அடித்துப் பார். உள்ளே சிலந்தி நூல் போல இருந்தால் பூஞ்சை. விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். வாங்கினதும் மூடி இறுக்கமான டப்பாவில் சிலிகா ஜெல் பொட்டலத்தோடு வை. ஞாயிற்றுக்கிழமை இங்கே வா, ஆயா வீட்டில் எடுத்துப் பார்க்கலாம்.