புலப்படத்தில் இல்லாத விதை

பூதப்பாண்டியில் எங்களுக்குப் பத்து மரக்கால் விதைப்பாடு உண்டு. வரப்பு பற்றி ஒரு பேச்சு எழுந்தபோது பட்டாவையும் புலப்படத்தையும் அரசின் இணையதளத்திலேயே எடுத்துப் பார்த்தோம். எல்லைக் கோடுகளும் அளவுகளும் தெளிவாகவே இருந்தன. அடுத்த வயல்கார அண்ணாச்சியிடம் காட்டினோம். "எல்லாஞ் சரி, அந்த வயல்ல என்ன வெத கெடக்குன்னு இது சொல்லுமாவே?" என்றார். சிரித்துவிட்டு வந்தாலும் கேள்வி எங்களை விடவில்லை.

ஜெர்மனியில் அதைச் சொல்லும் பதிவேடு ஒன்று 2005 முதல் உண்டு. மரபணு மாற்றப்பட்ட பயிரை விதைப்பவர் நிலத்தை முன்கூட்டியே அறிவித்தாக வேண்டும். எந்தத் துண்டு நிலம், எவ்வளவு பரப்பு, பயிரில் மாற்றிய குணம் என்ன என்பதை எவரும் இணையத்தில் காணலாம். உழுபவர் பெயர் மட்டும் வெளிவராது. 2009-இல் அங்கே மான் 810 மக்காச்சோளத்தைத் தடை செய்தபின் அதில் காண அதிகமில்லை என்பது வேறு விஷயம்.

நம் பக்கம் 2006 நவம்பரில், கோவை ஆலாந்துறை அருகே பி.டி. நெல் சோதனை வயலை விவசாயிகள் பிடுங்கி எறிந்தார்கள். அப்படியொரு பதிவேடு இங்கும் இருந்திருந்தால், சண்டை வயலில் நடக்காமல் கூட்டத்தில் நடந்திருக்கும் என்றே எங்களுக்குத் தோன்றுகிறது.

ஆனால் நெல்லுக்கு வரைபடம் மட்டும் போதாது. அது தன்மகரந்தச் சேர்க்கைப் பயிர். மகரந்தம் வரப்பைத் தாண்டி வெகுதூரம் போவதில்லை. நெல் கலப்பது அறுப்பு இயந்திரத்தில், களத்தில், சாக்கில். அமெரிக்காவில் 2001-இல் சோதனை முடிந்த எல்.எல். 601 என்ற நெல், 2006 ஆகஸ்டில் கடைச்சரக்கான அரிசியில் கலந்திருப்பது தெரியவந்தது. எப்படிக் கலந்தது என்று அந்நாட்டு வேளாண் துறையால் கண்டுபிடிக்க முடியவில்லை. பேயர் நிறுவனம் 2011-இல் விவசாயிகளுக்கு 75 கோடி டாலர் வரை தர உடன்பட்டது.

இந்தியாவில் 2025 மே மாதம் மரபணுத் திருத்தம் செய்த இரண்டு நெல் வகைகள் அறிவிக்கப்பட்டன. ஒன்று சம்பா மசூரியிலிருந்து வந்த 'கமலா'. அயல் மரபணு இல்லாத இவ்வகைப் பயிர்களுக்கு 2022-லேயே விதிவிலக்குத் தந்துவிட்டார்கள். இவை கெடுதலானவை என்று நாங்கள் சொல்லவரவில்லை. விதைப்பவனுக்கும் பக்கத்து வயல்காரனுக்கும் தெரிந்திருக்க வேண்டாமா என்பதுதான் எங்கள் கேள்வி.

இந்தக் கன்னிப்பூவுக்கு அண்ணாச்சியிடம்தான் விதைநெல் வாங்கினோம். அம்பை பதினாறு என்றார். சாக்கின்மேல் எழுத்து ஏதும் இல்லை.