பிள்ளையின் இரகசியமும் நம் ஜெபக்குறிப்பும்



சென்டாக் சேர்க்கை முடிந்து, வில்லியனூரிலிருந்தும் பாகூரிலிருந்தும் நம் பிள்ளைகள் கல்லூரிக்குப் பேருந்தேறத் தொடங்கிவிட்டார்கள். சிலர் வெளியூர் விடுதிகளில் தங்கியிருக்கிறார்கள். இந்நாட்களில் பெற்றோர் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: “ஐயா, யாரோடு பேசுகிறாள் என்று உங்களிடமாவது சொன்னாளா?”

சொல்லியிருந்தாலும் நான் உங்களிடம் சொல்லமாட்டேன். அன்புகூர்ந்து வருத்தப்படாதீர்கள். பதினெட்டு வயது நிறைந்தவர் நம் நாட்டுச் சட்டப்படி தம் காரியத்திற்குத் தாமே பொறுப்பாளி. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர்.

அந்த உரிமை விடுதி அறைக்குள்ளும் செல்லுமா என்ற கேள்வி 2019இல் கேரளத்தில் எழுந்தது. கோழிக்கோடு அருகே ஒரு கல்லூரியின் மகளிர் விடுதியில், மாலை ஆறு மணிமுதல் இரவு பத்து மணிவரை கைப்பேசியை ஒப்படைக்க வேண்டும் என்று விதி வந்தது. ஃபஹீமா ஷிரீன் என்ற மாணவி அதை ஏற்க மறுத்து, விடுதியில் இடமிழந்தார். அவர் தொடுத்த வழக்கில் கேரள உயர் நீதிமன்றம், இணையத்தைப் பயன்படுத்துவது கல்வி உரிமையோடும் அந்தரங்க உரிமையோடும் சேர்ந்தது என்று கூறி, அவரைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளப் பணித்தது. பிறருக்கு இடையூறு கூடாது என்ற நியாயத்தையும் நீதிமன்றம் விட்டுவிடவில்லை. என் மனத்தைத் தொட்டது வேறொன்று. அவருடைய தகப்பனார் மகளின் பக்கமே நின்றார். விடுதியிலிருந்து அனுப்பப்பட்ட மகளைப் பார்த்து ஊர் என்ன பேசும் என்று அஞ்சுகிற தகப்பன்மார் நடுவில் இது சிறிய காரியமன்று.

நம் சபையின் காரியத்திற்கு வருகிறேன். கைப்பேசியைக் காட்டிலும் நம்மிடையே பிள்ளைகளின் இரகசியம் வெளியேறும் வாசல் ஜெபக்குறிப்புதான். தேர்வில் தவறியது, காதல், மருத்துவரைப் பார்த்தது எல்லாம் வீட்டு ஜெபக்கூட்டத்தில் சொல்லப்பட்டு, இரவுக்குள் வாட்ஸ்அப் குழுவை எட்டிவிடுகின்றன. பெயரைச் சொல்லவில்லை என்பார்கள். “நர்சிங் படிக்கிற ஒரு மகள்” என்றால் நம் ஊரில் யாருக்குத்தான் தெரியாது! அடுத்த விடுமுறைக்கு வரும் பிள்ளை வாய் திறப்பதில்லை. காரணம் தெரியாமல் தாய் மீண்டும் ஜெபக்குறிப்பு கொடுக்கிறார்.

லூக்கா இரண்டாம் அதிகாரத்தில், பன்னிரண்டு வயது மகனைத் தேடியலைந்த மரியாள் அவரிடமே நேராகக் கேட்டார். பதில் விளங்கவில்லை. ஆனாலும் அதை ஊராரிடம் கொண்டுபோகாமல் தம் இருதயத்திலேயே வைத்துக்கொண்டார்.

ஆகவே பிள்ளையிடமே கேளுங்கள். பதில் வராவிட்டால், சாப்பாடு எப்படி, அறைத்தோழி எப்படி என்று பேச்சைத் தொடருங்கள். கட்டணத்தையும் நம்பிக்கையையும் ஒன்றாகக் கட்டி, “பணம் நான்தானே கட்டுகிறேன்” என்று சொல்லாதீர்கள்.

உயிருக்கு ஆபத்து என்று கண்டால் மட்டும் நான் மௌனம் காக்கமாட்டேன். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மருத்துவரையே இரகசியம் காக்கக் கட்டளையிட்டு, உயிராபத்தில் தேவையான அளவு சொல்ல இடம் தருகிறது. அப்படிப்பட்ட வேளையில் 14416 என்ற டெலிமானஸ் எண்ணை அழையுங்கள். நள்ளிரவானாலும் என் கதவைத் தட்டுங்கள்.

இந்த வாரமுதல் கல்லூரிப் பிள்ளைகளைப் பற்றிய ஜெபக்குறிப்பை, அந்தப் பிள்ளையின் சம்மதம் கேட்ட பிறகே கூட்டத்தில் வாசிப்பேன். சம்மதம் கிடைக்காதவற்றுக்காகத் தனியே ஜெபிக்கிறேன்.