கித்துள் வீட்டில் கைவேலை

இரத்தோட்டையிலிருந்து ரிவஸ்டன் வழியாக லக்கலப் பக்கம் இறங்கினால், மிளகுக் கொடிகளுக்கு நடுவே மீன்வால் போன்ற இலைகளோடு கித்துள் மரங்கள் தெரியும். 2010இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்த நக்கிள்ஸ் காட்டை அண்டிய ஊர்கள் இவை. கண்டி இராச்சியத்தில் கைதியாக இருந்த ரொபர்ட் நொக்ஸ், 1681இல் வெளிவந்த தன் நூலிலேயே இந்த மரத்தின் இனிப்பு நீரையும் அதிலிருந்து காய்ச்சும் சர்க்கரையையும் பற்றி எழுதியிருக்கிறார்.

அந்தத் தொழிலைச் செய்யும் ஒரு வீட்டில் கைவேலைக்கு நின்றேன். மரத்து நீர் பிடிக்கும் முட்டிகளைக் கழுவுவதும் விறகு சுமப்பதும் என் பங்கு.

கித்துள் முதிர்ந்த பிறகுதான் பூக்கும். முதல் பாளை உச்சியில் வரும். மற்றவை ஒவ்வொன்றாகக் கீழிறங்கும். கடைசிப் பாளையோடு மரமும் பட்டுப்போகும். அதனால் ஒரு பாளையைக்கூட வீணாக்க அவர்களுக்கு மனம் வராது. பாளையில் நீர் ஊற, அது விரியுமுன் அடியில் மருந்து வைத்துக் கட்டுகிறார்கள். மிளகு, உப்பு, சாம்பல், தேசிக்காய் என்று வீட்டுக்கு வீடு கூட்டு மாறும். அளவை மட்டும் வெளியாருக்குச் சொல்வதில்லை.

கழித்த பாளைத் துண்டொன்றை என் கையில் தந்து சீவச் சொன்னார் வீட்டுக்காரர். நான் அழுத்தியதும் தடுத்தார். "மல்லி (தம்பி), கத்தி தன் பாரத்திலேயே போகட்டும்." அவர் சீவியபோது வெளிச்சம் ஊடுருவும் அளவுக்கு மெல்லிய சீவல் விழுந்தது. தடித்துச் சீவினால் பாளை சீக்கிரம் தீர்ந்துவிடும்; சீவாமல் விட்டால் வெட்டுவாய் அடைத்து நீர் நின்றுவிடும். ஆகவே மழையானாலும் காய்ச்சலானாலும் காலையும் மாலையும் ஏறியாக வேண்டும்.

திராட்சை வைன் புளித்து முதிர மாதங்கள் ஆகும். கித்துள் நீருக்குச் சில மணித்தியாலங்களே போதும். காற்றிலும் முட்டியிலும் உள்ள ஈஸ்ட் நுண்ணுயிர்கள் அதைக் கள்ளாக்கிவிடும். பாகு போன்ற பாணி காய்ச்ச வேண்டுமென்றால் முட்டியில் ஹல் மரப்பட்டைத் துண்டு போட்டுப் புளிப்பைத் தடுக்கிறார்கள். முட்டி கழுவும் வேலை எவ்வளவு முக்கியமானது என்பது அங்கேதான் புரிந்தது. பழைய நுரை கொஞ்சம் ஒட்டியிருந்தாலும் அன்றைய நீர் கெட்டுவிடும்.

இறக்கியதைத் துணியில் வடித்துத் தேனீக்களை அகற்றி உடனே அடுப்பேற்ற வேண்டும். காய்ச்சுவது வீட்டு அக்காவின் பொறுப்பு. பொங்கி வரும்போது தீயைக் குறைத்து, அடிபிடிக்காமல் கிண்டிக்கொண்டே இருக்கிறார். ஏறக்குறைய ஏழெட்டு லீற்றர் நீர் வற்றினால்தான் ஒரு லீற்றர் பாணி கிடைக்கும். இன்னும் இறுக்கிச் சிரட்டையில் ஊற்றினால் கருப்பட்டி.

இத்தனை உழைப்புக்கும் சந்தையில் போட்டி, சீனி கலந்த மலிவான பாணி. இரண்டும் ஒரே நிறம், ஒரே போத்தல். உயர மரத்தில் ஏறுவது ஆபத்து, வருமானமோ நிச்சயமில்லை; பிள்ளைகள் வேறு வேலை தேடுவதில் குற்றம் சொல்ல முடியாது. கலப்படத்தைப் பிடிக்கும் பரிசோதனை, ஏறுபவருக்கு நல்ல பாதுகாப்புக் கயிறு, விழுந்தால் கைகொடுக்கும் காப்புறுதி: இந்த மூன்றும் வந்தால், அந்தப் பிள்ளைகளில் சிலராவது கத்தியைக் கையில் எடுப்பார்கள்.