நடையை நிறுத்தாதே, தம்பி

மதுரை

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். போனில் சொன்னால் "சரிக்கா, சரிக்கா" என்று வைத்துவிடுவாய், அதனால்தான் கடிதம். காட்ரோட்டு மலைமேட்டில் வேகமாக ஏறி இறங்கிய கையோடு மிஷினில் பிரஷர் பார்த்தாயாம். மேல் அளவு 184 காட்டியதாம். அன்றோடு நடையையே விட்டுவிட்டாய் என்று மருமகள் சொன்னாள்.

அந்த 184-ஐக் கண்டு மிரளாதே. மேடேறும்போது தொடைச் சதை ரத்தம் கேட்கும், இதயம் வேகமாகத் தள்ளும். சும்மா இருக்கையில் 120 உள்ள ஆளுக்கே கடும் உழைப்பில் 180, 190 வரை போகும். கீழ் அளவு அதிகம் மாறாது. வேலை செய்யும் சதையில் ரத்தக்குழாய்கள் விரிந்து வழிவிடுவதால் சற்று இறங்கவும் செய்யும். நின்று இளைப்பாறினால் சில நிமிஷத்தில் மேல் அளவும் இறங்கத் தொடங்கும். அதன்பின் சில மணி நேரத்துக்கு, நடக்குமுன் இருந்ததைவிடக் குறைவாகவே இருக்கும். மூச்சு வாங்கிக்கொண்டு, கையை அசைத்துக்கொண்டு பார்த்தால் வீட்டு மிஷின் சரியாகவும் காட்டாது.

என் கவலை வேறு. அம்மா படுத்ததிலிருந்து நீ ஒரு ராத்திரியும் முழுசாகத் தூங்கவில்லை. மாந்தோப்புக் குத்தகை, பூ கொட்டிப்போன வருஷத்துக் கடன், வட்டி. இப்படி வருஷக்கணக்கில் மனசு இறுகிக் கிடந்தால் உடம்பு எந்நேரமும் சண்டைக்கு நிற்கிற மாதிரியே இருக்கும். அட்ரினலின், கார்ட்டிசால் என்ற ஹார்மோன்கள் ஓயாமல் சுரந்தால் ரத்தக்குழாய்கள் இறுகி, விரிந்து கொடுக்கும் குணத்தை நாளடைவில் இழக்கின்றன. அப்புறம் அதே மேடு, அதே வேகம்தான். ஆனால் பிரஷர் முன்னைவிடக் கூடுதலாக ஏறும், இறங்கவும் நேரமாகும். உழைப்பின் உச்சத்தில் ஆண்களுக்கு 210, பெண்களுக்கு 190 தொட்டால் அது மிகை என்று டாக்டர்கள் கணக்கு வைத்திருக்கிறார்கள். சும்மா இருக்கையில் சரியாக இருந்தும் நடையில் இப்படி எகிறுகிறவர்களுக்குப் பின்னாளில் ரத்தக்கொதிப்பு வரும் வாய்ப்பு அதிகம்.

மலையைவிட எனக்குப் பயம், நீ லாரியில் மாங்காய்ப் பெட்டி ஏற்றுவதுதான். மூச்சைப் பிடித்துப் பாரம் தூக்கினால் மேல், கீழ் இரண்டும் சேர்ந்து ஏறும். பளு தூக்கிப் பழகியவர்களின் கைத் தமனிக்குள்ளேயே குழாய் செருகி கனடாவில் அளந்தார்கள், 1985-இல் வெளிவந்த ஆய்வு. கால்களால் பாரத்தைத் தள்ளுகையில் சராசரியே 320-க்கு 250. பழகிய உடம்புக்கே அப்படி. நீயோ வியாபாரியோடு விலைக்கு மல்லுக்கட்டிவிட்டு, அந்தக் கோபம் ஆறாமலே தூக்குகிறாய். நம் நாடும் சேர்ந்த 52 நாடுகளில், முதல் மாரடைப்பு வந்த 12,000-க்கும் மேற்பட்டவர்களை விசாரித்த இன்டர்ஹார்ட் ஆய்வு 2016-இல் இதைத்தான் சொன்னது: கோபமோ மனக்கலக்கமோ கடும் உழைப்போடு சேர்ந்தால், அடுத்த ஒரு மணி நேரத்துக்குள் மாரடைப்பு வரும் வாய்ப்பு சுமார் மூன்று மடங்காகிறது. வார்டில் நர்சாக நிற்கிற எனக்கு இது வெறும் எண் இல்லை, ராசா. கோபம் வந்தால் பெட்டியைக் கீழே வை. லாரி காத்திருக்கட்டும்.

நடையை மட்டும் விடாதே. டாக்டரைப் பார்க்கும்வரை மேடு வேண்டாம். வயக்காட்டுப் பாதையில், பேசிக்கொண்டே போகிற வேகத்தில் நட. நெஞ்சு அடைத்தாலோ தலை சுற்றினாலோ நின்றுவிடு, உடனே 108-ஐக் கூப்பிடு. பிரஷரைக் காலையில் காபிக்கு முன்னால் பார். முதுகைச் சாய்த்து, பாதங்களைத் தரையில் ஊன்றி, ஐந்து நிமிஷம் பேசாமல் உட்கார்ந்த பிறகு. மருமகள் நோட்டில் எழுதட்டும். ஒரு வாரக் கணக்கோடு பெரியகுளம் பெரியாஸ்பத்திரிக்குப் போ. வீட்டில் பார்ப்பது 135-க்கு 85-ஐத் தொட்டுக்கொண்டே இருந்தால், மேட்டையும் மிஷினையும் குறை சொல்லாமல் மருந்துக்குச் சம்மதி.

அம்மா பேரை ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிந்துவிடு. 2021-இல் வந்த மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வரும், படுக்கையில் இருப்பவர்களுக்கு பிசியோதெரபியும் உண்டு. எல்லாவற்றையும் நீயே தூக்கிச் சுமக்காதே. மாமாவிடம் பேசிவிட்டேன், இனி மாதத்தில் பாதி நாள் அம்மா எங்களோடு இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை வந்து அழைத்துக்கொள்கிறேன், மருந்துச் சீட்டுகளை எடுத்து வை. கடன் கணக்கையும் எடுத்து வை, உட்கார்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
அக்கா