நாளை என்னும் நோய்

மனிதனைக் கெடுக்கும் குணங்கள் நான்கினை எண்ணிச் சொல்ல வந்த வள்ளுவர், மறதிக்கும் சோம்பலுக்கும் உறக்கத்திற்கும் முன்பாகக் காலம் நீட்டித்தலையே 605ஆம் குறளில் முதலில் நிறுத்தினார் என்பது, கைப்பேசியில் பணிப்பட்டியல் செயலியைத் திறக்கும்போதெல்லாம் என் சிந்தையில் எழுகின்ற விஷயமாகும்.

அவ்வாறு நீட்டித்த காரியம் மனத்தைவிட்டு அகல்வதுமில்லை; முடிந்த காரியத்தைவிட முடிக்கப்படாத காரியமே நினைவில் அதிகம் தங்குகிறது என்று ப்ளூமா ஸைகார்னிக் என்னும் உளநூல் அறிஞர் 1927இல் எழுதினார். அக்காரியத்தை எப்போது, எங்கே, எவ்விதம் செய்வது என்று நிச்சயித்துவிட்டாலே, அது முடிவதற்கு முன்னரே மனத்தின் சஞ்சலம் தணிகிறது என்று மாஸிகாம்போ, பாமைஸ்டர் என்னும் உளநூல் அறிஞர் இருவரும் 2011இல் வெளியிட்ட ஆராய்ச்சி காட்டியது.

ஆகவே, 'மின்கட்டணம்' என்று ஒற்றைச் சொல்லாகக் குறித்து வைப்பதைக் காட்டிலும், 'செவ்வாய் காலை காபி குடித்தவுடன் மின்கட்டணம் கட்டுதல்' என்று எழுதி, இரண்டு மாதத்திற்கொருமுறை தானே திரும்பி வரும்படி நினைவூட்டலும் அமைத்துவிடுவது உத்தமம். வருமான வரிக் கணக்கைப் போன்று அச்சமூட்டும் பெருங்காரியமாயின், 'சம்பள வரிப்பிடித்தச் சான்றிதழை எடுத்து வைத்தல்' என்னும் முதல் அடியை மட்டுமே இன்றைய பட்டியலில் சேர்த்தால், தொடங்குவதற்குரிய தைரியம் தானே பிறக்கும். இரண்டு நிமிஷத்தில் முடியக்கூடியதையோ பட்டியலில் ஏற்றாமல் அப்போதே செய்துவிட வேண்டும் என்பது டேவிட் ஆலன் என்னும் எழுத்தாளர் தமது 2001ஆம் ஆண்டு நூலில் வகுத்த விதி.

நண்பர்களே, செயலி நமக்காக உழைப்பதில்லை. ஆயினும், ஞாபகம் சுமக்கும் பாரத்தை அதனிடம் ஒப்படைத்தவன், தன் சக்தி முழுவதையும் செய்யும் காரியத்திலேயே செலுத்தலாம் என்பதை நான் மனப்பூர்வமாக நம்புகிறேன். நீங்களும் நெடுநாளாகத் தள்ளிவைத்த ஒரு காரியத்தை, நாளும் நேரமும் குறித்து இன்றே எழுதிவிடுங்கள்.