மேடானிலிருந்து தோபா வரை: நெருப்பு மலைச் சாலை

கடையநல்லூரில் எந்தத் தெருவில் விசாரித்தாலும் சிங்கப்பூரில் சொந்தமுள்ள ஒரு வீடு அகப்படும். பிழைப்புக்காகக் கப்பலேறிய எங்கள் ஊர்க்காரர்கள் தஞ்சோங் பகார் வட்டாரத்தில் குடியமர்ந்து, 1941இல் சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக்கைத் தொடங்கினார்கள். 1946இல் அங்கே உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளியை எழுப்பியதும் அவர்கள்தான். அந்தச் சொந்தங்களும் ஊரிலிருந்து போன நாங்களும் ஜூன் விடுமுறையில் ஒன்றுகூடி, கிழவர் முதல் கைக்குழந்தை வரை ஒரே வேனில் சுமத்ராவைப் பார்த்து வந்தோம்.

இளசுகள் பாலி என்றார்கள். மாமி ஒரே பேச்சில் முடித்துவிட்டார்: "கடல் எம்புட்டோ பாத்தாச்சு. தீ கக்குத மலை இருக்காம்லா, அதக் காட்டுங்க."

சிங்கப்பூரிலிருந்து மேடானுக்கு விமானத்தில் ஒன்றரை மணி நேரம் கூட ஆகாது. அங்கிருந்து தெற்கே மலையேறி பெரஸ்தாகி, கபன்ஜாஹே, மெரெக் வழியாகத் தோபா ஏரிக்கரையிலுள்ள பராப்பத் வரை போகிறது சாலை. சுற்றுலா வேன்கள் மேடானில் நிற்காமல் ஓடிவிடுகின்றன. தமிழர்கள் அப்படிப் போகக் கூடாது. டச்சுக்காரர்கள் டெலிப் பகுதியில் புகையிலைத் தோட்டம் போட்ட நாளில் மாட்டுவண்டி ஓட்டவும் சாலை போடவும் நம் ஆட்களைக் கொண்டு வந்தார்கள். அவர்கள் வாழ்ந்த பகுதி இன்று கம்போங் மெட்ராஸ். அங்கே 1884இல் கட்டிய மாரியம்மன் கோயில் இருக்கிறது. தென்னிந்திய முஸ்லிம்களின் கௌதியா பள்ளிவாசலும் அதே வட்டாரத்தில்தான்.

மேடானிலிருந்து பெரஸ்தாகிக்கு ஏறத்தாழ 66 கிலோமீட்டர். சிபொலாங்கித்தைத் தாண்டியதும் கொண்டை ஊசி வளைவுகள். முட்டைக்கோசும் கேரட்டும் ஏற்றிய லாரிகள் எதிரே இறங்கி வர, ஏறுகிற வண்டி ஊர்ந்துதான் போக முடியும். பிள்ளைகளுக்கு வாந்தி வரும், எலுமிச்சம்பழம் கையில் இருக்கட்டும்.

பெரஸ்தாகி கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,300 மீட்டர் உயரம். பழச்சந்தையில் சாலாக் வாங்கினோம். பாம்புச் செதில் போன்ற பழுப்புத் தோல், நுனியைக் கிள்ளி உரித்தால் உள்ளே மூன்று வெள்ளைச் சுளை, கடித்தால் மொறுமொறுப்பும் லேசான துவர்ப்பும். காலையில் குண்டாலிங் குன்றில் ஏறினால், மேகம் விலகும் நேரம் பக்கத்திலுள்ள இரண்டு எரிமலைகளையும் பார்த்துவிடலாம். ஒன்று சிபாயாக், அதன் பள்ளத்திலிருந்து கந்தகப் புகை ஓயாமல் எழுகிறது. அதன் அடிவாரத்து வெந்நீர்க் குளங்களில் மூட்டுவலிக்காரர்கள் மணிக்கணக்கில் கிடக்கிறார்கள். மாமியும் கிடந்தார்.

மற்றொன்று சினாபுங், 2,460 மீட்டர். ஏறக்குறைய 400 ஆண்டுகள் உறங்கிய மலை, 2010 ஆகஸ்டில் விழித்தது. 2013இல் மறுபடி தொடங்கிய சீற்றம் பல ஆண்டுகள் அடங்கவில்லை. 2014 பிப்ரவரியிலும் 2016 மே மாதத்திலும் சரிவில் பாய்ந்து இறங்கிய கொதிசாம்பல் உயிர்களைக் கொண்டுபோனது. தடை செய்த பகுதிக்குள் போயிருந்தவர்களே பெரும்பாலும் மாண்டார்கள். அடிவாரக் கிராமங்கள் சில நிரந்தரமாகக் காலியாயின. அங்கிருந்தவர்களுக்குச் சியோசார் என்ற இடத்தில் புது வீடுகள் கட்டித் தந்தார்கள். வீடு கிடைத்தாலும் மண் கிடைக்குமா? பரம்பரை நிலத்தை விட்டு எழுந்து போவது என்னவென்று நெல்லைச் சீமைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இந்த மலைகள் தீ கக்குவதன் காரணம் இதுதான்: இந்திய-ஆஸ்திரேலியப் பாறைத்தட்டின் கடலடிப் பகுதி சுமத்ராவுக்குக் கீழே புதைந்து இறங்குகிறது. ஆழத்தில் அதிலிருந்து பிரியும் நீர், மேலே உள்ள சூடான பாறையை உருகச் செய்கிறது. அந்தக் குழம்புதான் இந்த மலைகளின் வயிற்றில். கடையநல்லூருக்கு மேற்கே தெரியும் நம் மலைத்தொடரின் பாறைகளோ மிகப் பழையவை, எப்போதோ ஆறிப்போனவை.

கபன்ஜாஹே கரோ இனத்தாரின் ஊர். எங்கள் வேன் ஓட்டுநரும் கரோதான், செம்பிரிங் குலம். அந்தக் குலத்தின் கிளைப்பெயர்களைக் கேட்டபோது வண்டியே அமைதியானது: சோலியா, பாண்டியா, மெலியாலா, பிராமனா. முற்காலத்தில் அவர்களில் ஒரு பிரிவினர் இறந்தவர்களை எரித்துச் சாம்பலை ஆற்றில் விட்டார்கள். தென்னிந்திய வணிகர்களின் தொடர்பே இதற்கு மூலம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். சுமத்ராவின் மேற்குக் கரையில் பாருஸ் அருகே லோபு துவாவில் கிடைத்த, 1088ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவைச் சொல்கிறது. அதைப் பற்றி 1932இல் விரிவாக எழுதியவர், கல்லிடைக்குறிச்சியில் பிறந்த கே.ஏ. நீலகண்ட சாஸ்திரி. இந்தத் தகவல்களை எந்தச் சுற்றுலா வழிகாட்டியும் எங்களுக்குச் சொல்லவில்லை. அது எனக்கு இன்னும் வருத்தம்.

சாப்பாட்டுக்கு ஒரு வார்த்தை. வழியில் 'பி.பி.கே' என்ற பலகை தொங்கினால் அது பன்றி இறைச்சிக் கடை. ஹலால் வேண்டுபவர்கள் பாடாங் சாப்பாட்டுக் கடைகளைத் தேடலாம்.

மெரெக் அருகே சிபிசோ-பிசோ அருவி, 120 மீட்டர் உயரத்திலிருந்து ஒரே வீச்சாக விழுகிறது. குற்றாலத்தில் தலையைக் கொடுத்தே பழகிய எங்களுக்கு, மேலே நின்று பார்ப்பதோடு சரி என்றது கொஞ்சம் ஏமாற்றம். ஆனால் அங்கிருந்துதான் தோபா முதன்முதலாகக் கண்ணில் படுகிறது. சுமார் 100 கிலோமீட்டர் நீளம், 30 கிலோமீட்டர் அகலம், ஆழம் 500 மீட்டருக்கும் மேல். அது முழுவதும் எரிமலையின் வாய் என்றபோது மாமி நம்பவில்லை. ஏறத்தாழ 74,000 ஆண்டுகளுக்கு முன் வெடித்த மலை உள்ளே சரிந்து, அந்தப் பள்ளத்தில் நீர் நிறைந்தது. பிறகு அடியிலிருந்து குழம்பு உந்தித் தள்ள மேலெழுந்ததுதான் நடுவிலிருக்கும் சமோசிர் தீவு. அந்த வெடிப்பின் சாம்பல் ஆந்திராவின் ஜ்வாலாபுரம் வரை வந்து படிந்திருக்கிறது. அந்தப் படிவின் கீழும் மேலும் மனிதர் செய்த கற்கருவிகளைத் தொல்லியலாளர்கள் எடுத்தார்கள். 2020இல் யுனெஸ்கோ தோபாவை உலகப் புவிப்பூங்காவாக ஏற்றது.

ஏரியை ஒட்டி மேட்டிலேயே ஓடி, பைன் மரங்களுக்கிடையே இறங்கிப் பராப்பத்தில் முடிகிறது பாதை. அங்கிருந்து சமோசிருக்குப் படகு. 2018 ஜூன் 18 அன்று இதே ஏரியில், சிமானிந்தோவிலிருந்து திகாராசுக்குக் கிளம்பிய படகு அளவுக்கு மீறி ஆளேற்றி மூழ்கியது. 160க்கும் மேற்பட்டோர் இன்றுவரை கிடைக்கவில்லை. குடும்பத்தோடு போகிறவர்களே, உயிர்காப்பு உடை ஆளுக்கொன்று இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்துவிட்டு ஏறுங்கள். கூட்டம் அதிகமென்றால் அடுத்த படகுக்குக் காத்திருங்கள். சினாபுங் பக்கம் தடுப்பு வைத்திருந்தால் படம் எடுப்பதற்காக அதைத் தாண்டாதீர்கள்.