வாக்களியாதார் பொறுப்பு

லிபெர்த்தா வீதி வீடுகளில் வேலை செய்யும் நம்மவர் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கப் பத்தாண்டு காத்திருக்க வேண்டும். அதனை ஐந்தாண்டாக்கும் சர்வஜன வாக்கெடுப்பு 2025 யூன் 8, 9ஆம் திகதிகளில் நடைபெற்றது. வாக்களித்தோருள் ஏறத்தாழ 65 வீதத்தினர் இசைந்தனர். ஆயினும் வாக்காளரில் பாதிக்குமேல் வாக்களித்தாலே அது செல்லும்; வந்தோர் ஏறத்தாழ 30 வீதமே. வீட்டிலிருந்தோரே தீர்ப்பளித்தனர்.

2005 நவம்பர் 17 ஜனாதிபதித் தேர்தலில், புலிகளின் பகிஷ்கரிப்பினால், யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தின் ஏழு இலட்சம் வாக்காளருள் 1.21 வீதத்தினரே வாக்களித்தனர். மகிந்த ராஜபக்ஷ வென்றதோ 180,786 வாக்குகளால்.

அச்சத்தால் அடங்கியோர்மீது பழி சுமத்துதல் தகாது. அச்சமின்றியும் வாளாவிருப்போர், நோயைக் கண்டும் மருந்து கொடாதவரை ஒப்பர். இத்தாலியக் குடியுரிமை பெற்ற அன்பர்கள், பெறாதவருக்காகவும் வாக்களித்தல் அவர்தம் கடன்.